கட்டுநாயக்க விமான நிலையமும் தரைவழிப் பயணிகளின் சுமையும்

கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்தின் விஸ்தரிப்புப் பற்றி அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் பேசும் போதெல்லாம் முனையக் கட்டிடம், விமானத் தரிப்பிடங்கள், தீர்வையற்ற கடைகள் ஆகியவை குறித்தே பேசப்படுகின்றது. அந்த விமான நிலையத்தின் வாசல் வரை ஒரு சாதாரணப் பயணி எவ்வாறு வந்து சேர்கின்றார், நள்ளிரவில் வந்திறங்கும் ஒருவர் எவ்வாறு வீடு போய்ச் சேர்கின்றார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை. கொழும்பில் வசிப்போருக்கு இது ஒரு பெரிய கேள்வியாகத் தென்படாமல் இருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும், கல்முனையிலிருந்தும் மூதூரிலிருந்தும், மன்னாரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருவோருக்கு விமானச் சீட்டுக்கு அடுத்தபடியாக ஏற்படும் பெருஞ்செலவு இந்தத் தரைவழிப் பயணமே ஆகும்.

இந்த விமான நிலையம் அமைந்துள்ள இடமே இப்பிரச்சினையின் தொடக்கம் எனலாம். கொழும்பிலிருந்து முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில், நீர்கொழும்பு நகரை அண்டியதாக இது உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் தமது தேவைக்காக இங்கு ஓடுபாதை அமைத்தனர். 1957 இல் அத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. கனடாவின் உதவியுடன் 1960 களின் பிற்பகுதியில் இது சர்வதேச விமான நிலையமாகக் கட்டியெழுப்பப்பட்டது. ஆக, பயணிகள் வந்து செல்லும் வசதி கருதி இந்த இடம் தெரிவு செய்யப்படவில்லை. ஓடுபாதை அங்கே இருந்தது, முனையமும் அங்கேயே வந்தது.

வருடமொன்றுக்கு அறுபது இலட்சம் பயணிகளுக்கென வடிவமைக்கப்பட்டிருந்த முனையத்தை 2018 ஆம் ஆண்டில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்தினர். ஜப்பானிய கடனுதவியில் 2020 இல் தொடங்கிய இரண்டாவது முனையத்தின் வேலைகள் 2022 இன் பொருளாதார நெருக்கடியோடு நின்றுபோயின. உள்ளே நெரிசல் என்றால் வெளியே அதைவிட நெரிசல். ஏனெனில் எமது நாட்டில் ஒரு பயணி தனியாக விமான நிலையத்துக்கு வருவதில்லை.

இதை எள்ளி நகையாடுவோர் உண்டு. ஒருவர் போவதற்கு ஒன்பது பேர் வழியனுப்ப வருகிறார்கள் என்று எழுதுவோரும் உண்டு. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டு வருட ஒப்பந்தத்தில் செல்லும் தாயைப் பிள்ளைகள் விமான நிலைய வாசல் வரை வந்து வழியனுப்புவதில் நகைப்பதற்கு என்ன இருக்கின்றது என்று எமக்கு விளங்கவில்லை. ஹஜ் அல்லது உம்றா கடமைக்காகப் புறப்படும் முதியவரை ஊரார் கூடி, ஸலாம் கூறி, துஆக் கேட்டு அனுப்புவது ஒரு சமூகத்தின் பண்பாடு. இருபது வருடங்களுக்குப் பின்னர் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ திரும்பி வரும் மகனை எதிர்கொள்ளத் தாய் வராமல் வேறு யார் வருவது? 2022 முதல் 2024 வரையிலான ஒவ்வொரு வருடத்திலும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் தொழில் தேடி இந்நாட்டிலிருந்து வெளியேறினர். இவர்களிற் பெரும்பாலானோர் கட்டுநாயக்கவின் ஊடாகவே சென்றனர். நாட்டுக்கு டொலர் அனுப்பும் இவர்களே இன்று விமான நிலையத்தின் பிரதான வாடிக்கையாளர்கள். ஆயினும் அங்குள்ள தரைவழி ஏற்பாடுகள் சொந்தக் காரில் வருபவரையும், ஹோட்டல் வாகனத்தில் செல்லும் சுற்றுலாப் பயணியையும் மனதிற் கொண்டே அமைந்துள்ளன.

விமான நிலையமொன்றின் வாகனப் போக்குவரத்து எவ்வாறு இயங்குகின்றது என்பதை இவ்விடத்தில் சற்று விளக்க வேண்டியுள்ளது. எந்த விமான நிலையத்திலும் மிகவும் அரிதான பொருள் முனையத்தின் முன்னால் உள்ள வீதியோரமே ஆகும். ஓடுபாதையை நீட்டலாம், வாகனத் தரிப்பிடத்தை மாடி மாடியாக உயர்த்தலாம். ஆனால் பயணி இறங்கிப் பெட்டிகளை இறக்கும் அந்தச் சில நூறு மீற்றர் ஓரத்தை நீட்ட முடியாது. அங்கே ஒரு வாகனம் பத்து நிமிடம் நின்றால் பின்னால் வரும் பத்து வாகனங்கள் தேங்கி விடும். அதனாற்றான் உலகெங்கும் விமான நிலையங்கள் வீதியோரத்தில் நிற்பதைக் கட்டுப்படுத்தி, வாகனங்களைக் கட்டணத் தரிப்பிடத்துக்குள் தள்ளுகின்றன. லண்டன் ஹீத்ரோவில் 2021 நவம்பரிலிருந்து பயணியை இறக்கிவிட்டுச் செல்வதற்கே கட்டணம் அறவிடப்படுகின்றது. தரிப்பிடக் கட்டணம் நெரிசலைக் குறைக்கும் கருவி மாத்திரமல்ல, நல்ல வருமானமும் கூட. அமெரிக்க விமான நிலையங்கள் பலவற்றில் விமானக் கம்பனிகள் சாராத வருமானத்தில் வாகனத் தரிப்பிடமே முன்னிலையில் உள்ளது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. தனது காரைத் தரிப்பிடத்தில் விட்டுச் சென்று திரும்பி வந்து எடுத்துச் செல்பவர் வீதியில் இரண்டு தடவையே வாகனத்தை ஓட்டுகின்றார். ஆனால் இன்னொருவரின் வாகனத்தில் கொண்டுவந்து விடப்பட்டு, பின்னர் வந்து ஏற்றிச் செல்லப்படும் பயணிக்காக அவ்வாகனம் நான்கு தடவை ஓடுகின்றது. போகும்போது வந்து, வெறுமையாகத் திரும்பி, வரும்போது வெறுமையாகச் சென்று, ஏற்றிக்கொண்டு திரும்புகின்றது. கொழும்பு வாசிக்கு இது நான்கு முப்பது கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வருபவருக்கோ ஒரு வழித் தூரமே 350 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நான்கு ஓட்டங்களும் சேர்ந்தால் 1,400 கிலோமீற்றருக்குக் குறையாது. டீசல் விலை, சாரதியின் கூலி, வழிச் சாப்பாடு, விமானம் தாமதமாகும் மணித்தியாலங்களுக்கான தரிப்பிடக் கட்டணம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. இதற்காக நகையை அடகு வைப்போரும் வட்டிக்குக் கடன் வாங்குவோரும் எமது பிரதேசங்களில் ஏராளம். வெளிநாட்டுச் சம்பளத்தின் முதல் மாதங்கள் முகவருக்கு என்றால், அடுத்த சில வாரங்கள் வான்காரருக்கு.

வான் பிடிக்கும் இப்பழக்கம் வசதி கருதி மாத்திரம் தோன்றியதல்ல. யுத்த காலத்தில் தமிழர் ஒருவர் தனியாக, பெட்டியுடன், இரவு வேளையில் கட்டுநாயக்கவை நோக்கிச் செல்வது இலகுவான காரியமாக இருக்கவில்லை. வடக்கு, கிழக்கிலிருந்து வெளிநாடு செல்ல வந்தோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கியிருந்தனர். 2001 ஜூலை 24 அதிகாலை விமான நிலையத்தின் மீதும் விமானப் படைத் தளத்தின் மீதும் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலுக்குப் பின்னர் சோதனைகள் மேலும் இறுகின. 2007 ஜூனில் அந்த லொட்ஜுகளிலிருந்தே தமிழர்கள் பலவந்தமாக பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெரிந்த சாரதி, தெரிந்த வாகனம், கூடவே இரண்டு உறவினர்கள் என்பது அன்று பாதுகாப்பு. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் பயணிகளும் அதே பயத்தை உணர்ந்தனர். யுத்தம் 2009 இல் முடிந்து விட்டது. பழக்கமும் செலவும் தொடர்கின்றன. அந்தப் பழக்கத்துக்கு மாற்றாக நம்பத்தகுந்த பொதுப் போக்குவரத்து எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை என்பதே அதற்குக் காரணம்.

2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கொழும்பு - கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை இப்பிரச்சினையைத் தீர்த்து விட்டதாக அப்போது கூறப்பட்டது. 25.8 கிலோமீற்றர் நீளமான இப்பாதை, வத்தளை, கந்தானை, ஜா-எல, சீதுவை என்று நெரிசலில் ஊர்ந்து சென்ற நீர்கொழும்பு வீதிப் பயணத்தை அரை மணித்தியாலத்துக்குள் சுருக்கி விட்டது உண்மை. 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டதும் நகருக்குள் நுழையும் இடத்தில் இருந்த நெரிசலும் ஓரளவு தணிந்தது. நாம் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதிவேக நெடுஞ்சாலையில் முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. கட்டணம் செலுத்தும் ஏனைய வாகனங்களுக்கே அது பயன்படுகின்றது. மேலும், அது கொழும்பையும் விமான நிலையத்தையும் இணைக்கும் பாதை. வடக்கிலிருந்து புத்தளம் வழியாக வருபவரும், கிழக்கிலிருந்து குருநாகல் வழியாக வருபவரும் கொழும்புக்கு வராமலே கட்டுநாயக்கவை அடைகின்றனர். அவர்களுக்கு இந்த நெடுஞ்சாலையால் ஆன பயன் சொற்பமே.

வந்திறங்கும் பயணிக்கு இருக்கும் வழிகளையும் பார்ப்போம். வருகை மண்டபத்தில் வாடகைக் கார் கருமபீடங்கள் உள்ளன. கட்டணத்தை முன்கூட்டியே பேசி, பற்றுச்சீட்டும் வாகன இலக்கமும் பெற்றுக்கொண்டு ஏறும் முறை அது. செலவு கூடியதாயினும், இரவில் தனியாக வரும் பெண்ணுக்கு அந்தப் பற்றுச்சீட்டு ஒரு பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது. 2015 இலிருந்து கைத்தொலைபேசிச் செயலிகள் மூலம் அழைக்கப்படும் வாடகைக் கார்கள் வந்துள்ளன. இவை மலிவானவை. இதனால் விமான நிலையத்தை நம்பித் தொழில் செய்யும் சாரதிகளுக்கும் செயலிச் சாரதிகளுக்கும் இடையே முறுகல் நிலவுகின்றது. இரு தரப்பினருமே அன்றாட உழைப்பாளிகள் என்பதால் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புக் கூற நாம் விரும்பவில்லை. ஆயினும் பயணி விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு ஆளேற்றிச் செல்லும் கார் திரும்பி வரும்போது வெறுமையாகவே வருகின்றது. கொழும்பிலிருந்து ஆளை இறக்கிய செயலிக் கார் அங்கே ஆளேற்ற இயலாவிட்டால் அதுவும் வெறுமையாகவே திரும்புகின்றது. இரண்டு வெற்று ஓட்டங்களின் செலவையும் ஏதோவொரு பயணி செலுத்திக் கொண்டிருக்கின்றார். இறக்கியவரே வரிசைப்படி ஏற்றிச் செல்ல ஒரு பொதுவான ஒழுங்கு இருந்தால் கட்டணம் குறையும், சண்டையும் குறையும்.

பஸ் சேவையின் கதை வேறு. கொழும்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையிலான 187 ஆம் இலக்க பஸ் பலருக்கும் அறிமுகமானது. அது விமான நிலைய முகப்பு வரை வருவதும், பின்னர் அவரிவத்தை பஸ் தரிப்பிடத்தோடு நிற்பதுமாக ஏற்பாடுகள் பல தடவை மாறியுள்ளன. கையில் முப்பது கிலோ பெட்டியுடன் நிற்கும் பயணிக்கு அந்த ஒரு கிலோமீற்றர் தூரம் ஒரு முச்சக்கரவண்டிக் கட்டணம். அதைவிட விசித்திரமானது, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புத்தளம் வழியாக ஓடும் பஸ்களின் நிலை. அவை நீர்கொழும்பையும் கட்டுநாயக்கவையும் கடந்தே கொழும்பு செல்கின்றன. புத்தளத்திலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வரும் பஸ்களும் அவ்வாறே. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் மத்திய கிழக்குக்குச் செல்கின்றனர். அவர்களது ஊர் பஸ் விமான நிலையச் சந்தியைத் தாண்டிச் செல்கின்றது, ஆனால் உள்ளே திரும்புவதில்லை. தூர இடச் சேவைகளில் இரவுக்கு இரண்டு மூன்று பஸ்களையாவது முனையம் வரை வந்து செல்ல அனுமதித்தால் எவருக்கும் நட்டம் ஏற்படப் போவதில்லை. பாதுகாப்புக் காரணம் கூறுவார்களாயின், வான்களைச் சோதிக்கக் கூடியவர்களால் ஒரு பஸ்ஸைச் சோதிக்க முடியாதா?

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது புகையிரதம். புத்தளம் புகையிரதப் பாதை விமான நிலையத்தின் அருகாமையிலேயே செல்கின்றது. கட்டுநாயக்கவின் பெயரிலேயே தரிப்பிடங்கள் உள்ளன. இப்பாதை பிரதான பாதையிலிருந்து பிரிவது ராகமைச் சந்தியில். காங்கேசன்துறை, தலைமன்னார், மட்டக்களப்பு, திருகோணமலை, பதுளை, மாத்தளை ஆகிய இடங்களிலிருந்து கொழும்பு நோக்கி வரும் பாதைகள் அனைத்தும் பொல்காவலையில் ஒன்றுசேர்ந்து, இதே ராகமையைக் கடந்துதான் செல்ல வேண்டும். அதாவது, தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் செறிந்து வாழும் மாவட்டங்களிற் பெரும்பாலானவற்றை விமான நிலையத்தோடு இணைக்கும் தண்டவாளம் ஏற்கனவே போடப்பட்டுள்ளது. ராகமையில் இறங்கி மாறினால் கட்டுநாயக்க அதிக தூரமில்லை. ஆனால் நடைமுறையில் வடக்கு, கிழக்குப் பயணி ராகமையைத் தாண்டி மருதானைக்கோ கோட்டைக்கோ சென்று, அங்கிருந்து வாடகைக் காரில், வந்த திசையிலேயே மீண்டும் முப்பது கிலோமீற்றர் திரும்பிப் பயணிக்கின்றார்.

ஏன் இந்த நிலை? புத்தளம் பாதையில் ஓடுபவை பெரும்பாலும் காலையில் அலுவலகம் செல்வோரையும் மாலையில் வீடு திரும்புவோரையும் மனதிற் கொண்ட சேவைகள். விமானங்களோ, குறிப்பாக மத்திய கிழக்கு விமானங்கள், இரவிலும் விடியற்காலையிலுமே அதிகம் வந்து செல்கின்றன. நெரிசல் மிக்க அலுவலக ரயிலில் பெட்டி வைக்க இடமில்லை. பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஒரு வண்டி தாமதித்தால் எதிரே வருவதும் தாமதிக்கின்றது. விமானத்தைத் தவற விட்டால் இலட்சக்கணக்கில் நட்டமடையும் ஒருவர் இவ்வாறான சேவையை நம்பி வரமாட்டார். இவை யாவும் தீர்க்க முடியாத தடைகளல்ல. புதிதாக நிலம் சுவீகரிக்கவோ, கோடிக்கணக்கில் கடன் பெறவோ அவசியமில்லாத ஒரு தொடக்கம் இங்கே சாத்தியம். தூர இடப் புகையிரதங்கள் ராகமையில் நிற்பதும், அவற்றின் வருகைக்கு இசைவாக ராகமை - கட்டுநாயக்க இடையே பெட்டி வைக்க வசதியுள்ள சிறிய புகையிரதம் ஒன்று இரவிலும் பகலிலும் ஓடுவதும், தரிப்பிடத்திலிருந்து முனையம் வரை ஒரு பஸ் ஓடுவதும் போதுமானவை.

பிற நகரங்கள் இதை எப்போதோ செய்து விட்டன. எமது மக்கள் அதிகமாகச் செல்லும் சென்னையில், விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் நெடுங்காலமாக உள்ளது. 2016 இலிருந்து மெட்ரோ ரயிலும் விமான நிலையத்துக்கே வருகின்றது. வைத்தியத்துக்காகவும் தலயாத்திரைக்காகவும் செல்லும் எம்மவர் அங்கே சில பத்து ரூபாய்களில் நகரை அடைவதைக் கண்டு வியப்பதுண்டு. சிங்கப்பூரின் சாங்கிக்கு 2002 இல் மெட்ரோ வந்தது. அதே ஆண்டில் கோலாலம்பூரிலும் விமான நிலைய ரயில் தொடங்கப்பட்டது. அங்கே விமான நிலையம் நகரிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளதென்பது கவனத்திற்குரியது. ஹீத்ரோவுக்கு நிலக்கீழ் ரயில் வந்தது 1977 இல்.

வானை மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதை 2022 காட்டியது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வேலைக்கு வெளிநாடு செல்வோரின் எண்ணிக்கை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்ட ஆண்டும் அதுவே. எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்ற வான்களுக்காகக் காத்திருந்தோரும், கள்ளச் சந்தை டீசலுக்குப் பல மடங்கு விலை கொடுத்தோரும் அன்று பலர். ஊரடங்கு நாட்களில் விமானச் சீட்டையே அனுமதிப் பத்திரமாக ஏற்றுக்கொண்ட அரசு, அந்தச் சீட்டை வைத்திருந்தவர் எதில் ஏறி விமான நிலையம் வருவார் என்பதற்கு வழி சொல்லவில்லை. பாதைகள் இருந்த இடங்களில் புகையிரதம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமான சேவை உள்ளதே என்று சிலர் கேட்கக்கூடும். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது வடபுல மக்களுக்குக் கிடைத்த பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் டுபாய்க்கும் டோஹாவுக்கும் ஜித்தாவுக்கும் செல்பவர் இன்னமும் கட்டுநாயக்கவுக்கே வர வேண்டியுள்ளது. கிழக்கு மாகாண மக்களுக்கோ பலாலியும் தொலைவுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் புகையிரதப் பாதைகளைப் பல இடங்களில் சிதைத்தது. பாதைகளைச் சீரமைக்கும் போதே நேர அட்டவணையையும் புதிதாக வகுக்க வேண்டியுள்ளது. நின்றுபோன இரண்டாவது முனையத்தின் வேலைகளும் என்றோ ஒரு நாள் நிறைவடையத்தான் போகின்றன. புகையிரதத் திணைக்களம் ஒரு அமைச்சின் கீழ் வேலை செய்ய, விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம் தனது எல்லைக்குள் மாத்திரம் திட்டமிட, தூர இட பஸ்களுக்கான அனுமதியை வேறு ஆணைக்குழு வழங்கும் வரை இந்தத் துண்டுகள் தாமாக ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. வடக்கு, கிழக்கு, மலையக மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தின் போது இவ்விடயத்தை ஒருமித்து எழுப்பலாம். கேட்க வேண்டியது மிகவும் சிறியது. ராகமையில் ஒரு நிறுத்தம், அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு ஓர் இணைப்புப் புகையிரதம், புத்தளம் வீதி பஸ்களுக்கு முனையம் வரை அனுமதி. இவற்றோடு, ராகமையில் மேடை மாறுவதற்கு மேம்பாலப் படிகளில் பெட்டியைத் தலையில் சுமந்து ஏறாமலிருக்க ஒரு மின்தூக்கியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.